ஒன்பதாம் வகுப்போடு டி.சி. கொடுத்து அனுப்பும் பள்ளிக்கு ஒரு திறந்த மடல்

பள்ளி நிர்வாகத்தினருக்கும், தலைமை ஆசிரியர் அவர்களுக்கும், பெற்றோர் ஆசிரியர் கழகப் பொறுப்பாளர்களுக்கும்,

முழு ஆண்டுத் தேர்வு முடிந்த வாரத்தில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் சிலரின் பெற்றோரைப் பள்ளிக்கு வரச் சொன்னீர்கள். தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து நன்றாக வரும் நேரம் அது. ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்தவர்களிடம், "உங்கள் பிள்ளை பத்தாம் வகுப்பு பப்ளிக் பரீட்சையில் தேறாது. இப்போதே டி.சி. வாங்கி வேறு பள்ளியில் சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் வீட்டிலிருந்து படித்துத் தனித்தேர்வராக எழுதட்டும்" என்று சொல்லப்பட்டது. அவர்களிடம் எழுதி வாங்கிய கடிதத்தில் "சொந்தக் காரணங்களுக்காக" என்று இருந்தது. அதில் கையெழுத்துப் போட்ட ஒரு தாய்க்குத் தமிழ் படிக்கத் தெரியாது. என்ன எழுதியிருந்தது என்று அன்று சாயங்காலம் என்னிடம் வந்துதான் கேட்டார்.

குன்னூர் பக்கத்து எஸ்டேட் ஒன்றின் சமுதாயக் கூடத்தில் மாலை வகுப்பு நடத்துகிறேன். நீங்கள் அனுப்பிய பிள்ளைகளில் மூன்று பேர் என்னிடம் படிக்கிறவர்கள். நானும் உங்கள் பள்ளியில் படித்தவள்தான். நேரில் வந்து பேசினேன், "இது நிர்வாகத்தின் முடிவு" என்றீர்கள். கடிதம் எழுதினேன், பதில் வரவில்லை. இதற்கு மேல் சும்மா இருப்பது அந்தப் பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம் என்பதால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

பள்ளி வாசலில் ஒவ்வோர் ஆண்டும் "100 விழுக்காடு தேர்ச்சி" என்று பிளக்ஸ் கட்டுகிறீர்கள். ஒன்பதாம் வகுப்பில் ஐம்பது பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் எட்டுப் பேரை வெளியே அனுப்பிவிட்டு, மீதி நாற்பத்திரண்டு பேரும் தேறினால் அது எப்படி 100 ஆகும்? அந்த எட்டுப் பேர் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்கள். பள்ளிக் கல்வித் துறை மாணவர் விவரங்களைப் பதிந்து வைக்கும் எமிஸ் இணையதளத்தில் அவர்கள் பெயர் உங்கள் பள்ளியிலிருந்து பொதுத் தொகுப்புக்குப் போய்விடும். வேறு ஒரு பள்ளி சேர்த்துக்கொள்ளும் வரை அவர்கள் எந்தப் பள்ளியின் பிள்ளைகளும் இல்லை. அந்த வேறு பள்ளி எங்கே இருக்கிறது என்று யாராவது யோசித்தீர்களா? எங்கள் எஸ்டேட்டிலிருந்து அடுத்த உயர்நிலைப் பள்ளிக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும். முதல் பஸ்ஸைப் பிடிக்க இருட்டோடு கிளம்பித் தேயிலைக் காட்டு வழியாக நடக்க வேண்டும். கரடியும் காட்டெருமையும் நிற்கிற பாதை அது. பெண் பிள்ளையை அந்த வழியில் தனியாக அனுப்ப எந்தத் தாய்க்கு மனசு வரும்? அதனால் டி.சி. வாங்கிய பிள்ளை பெரும்பாலும் வேறு பள்ளிக்குப் போவதில்லை. பையன் என்றால் ஊட்டியில் ஒரு காட்டேஜிலோ கோவையில் ஒரு ஒர்க்‌ஷாப்பிலோ சேர்ந்துவிடுகிறான். பெண் என்றால் திருப்பூர் கம்பெனிக்கோ தோட்டத்துக்கோ போகிறாள், இல்லையென்றால் கல்யாணப் பேச்சு ஆரம்பமாகிவிடுகிறது.

2009 கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்கிறது. அந்தப் பாதுகாப்பு எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. பப்ளிக் பரீட்சை பத்தாம் வகுப்பில் வருகிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஒன்பதாம் வகுப்பில்தான் இந்தக் கழிப்பு வேலை நடக்கிறது. மாநிலம் முழுக்க அரசல் புரசலாகப் பேசப்படும் வழக்கம்தான் இது. எல்லோரும் செய்கிறார்கள் என்று நீங்கள் சொல்லலாம். எல்லோரையும் எனக்குத் தெரியாது, உங்களைத் தெரியும்.

அந்த மூன்று பிள்ளைகளும் எதில் ஃபெயில் ஆனார்கள், ஏன் ஆனார்கள் என்று உங்களில் யாராவது உட்கார்ந்து பார்த்தீர்களா? நான் பார்த்தேன். ஒரு பையன் கணக்கில் ஒற்றை இலக்க மார்க். அவனுடைய பரீட்சைத் தாளை வரி வரியாகப் பார்த்தால் ஒரு விஷயம் தெரிகிறது. பல்லுறுப்புக்கோவைக் கணக்கில் எந்த உறுப்பை எங்கே கொண்டுபோக வேண்டும் என்பது அவனுக்குச் சரியாகத் தெரிந்திருக்கிறது. கடைசி வரியில் –7 – 5 என்று வந்ததும் +12 என்று போட்டிருக்கிறான். அடுத்த கணக்கிலும் அதே தவறு, அதற்கு அடுத்ததிலும் அதேதான். ஏன் என்று கேட்டேன். "மைனஸும் மைனஸும் சேர்ந்தா பிளஸ்தானே மிஸ்" என்றான். பெருக்கலுக்குச் சொன்ன விதியைக் கூட்டல் கழித்தலுக்கும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கிறான். ஏழாம் வகுப்பிலிருந்து இந்த ஒரு பிடிப்போடு நடந்து வந்திருக்கிறான், யாரும் நிறுத்திக் கேட்கவில்லை. தாளில் பார்த்த இடமெல்லாம் சிவப்பு மையில் குறுக்குக் கோடு இருந்தது. எங்கே இடறினான் என்று ஒரு வரிகூட இல்லை. எண்கோடு ஒன்றைத் தரையில் சாக்பீசால் வரைந்து, அவனையே அதன் மேல் முன்னும் பின்னும் நடக்கவிட்டுச் சொல்லிக் கொடுத்தேன். ஒரு வாரத்துக்குள் அந்தத் தவறு போய்விட்டது. அவன் இனிமேல் கணக்கில் புலியாகிவிடுவான் என்று நான் சொல்லவரவில்லை. பின்னத்திலும் வகுத்தலிலும் அவனுக்கு இன்னும் நிறையப் பாக்கி இருக்கிறது. ஆனால் ஃபெயில் ஆன அந்தத் தாள்தான் அவனுக்கு என்ன தெரியவில்லை என்று எனக்குக் காட்டியது. அதைப் படித்துப் பார்க்காமலே அவனை வெளியே அனுப்பிவிட்டீர்கள்.

பின்னமும் வகுத்தலும் ஏன் பாக்கி என்பதற்கும் காரணம் இருக்கிறது. இந்த வகுப்புப் பிள்ளைகள் மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோதுதான் 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. ஒன்று முதல் எட்டு வரையான வகுப்புகள் மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதி. அப்போது இவர்கள் ஐந்தாம் வகுப்பு. நடுவில் நான்காம் வகுப்பு என்று ஒன்று இவர்களுக்கு இல்லவே இல்லை. டவுனில் பிள்ளைகள் போனில் பாடம் கேட்டார்கள். தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் எங்கள் லைன் வீடுகளில் சிக்னல் கிடைக்க மேட்டுக்கு ஏறிப் போக வேண்டும், போனும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்தபோது தன்னார்வலராகச் சேர்ந்து இந்தப் பிள்ளைகளுக்குத்தான் பாடம் எடுத்தேன். ஐந்தாம் வகுப்பில் இருந்தவர்களுக்குக் கடன் வாங்கிக் கழிக்கத் தெரியவில்லை, இரண்டு வரி சேர்ந்தாற்போல் வாசிக்க வரவில்லை. அதற்கப்புறம் நிறையப் பிள்ளைகள் எழுந்து வந்துவிட்டார்கள், சிலர் வரவில்லை. ஊர் உலகமே மூடிக் கிடந்த காலத்தின் பாக்கியை ஒன்பதாம் வகுப்பில் வைத்து ஒரு கூலித் தொழிலாளியின் பிள்ளையிடம் வட்டியோடு வசூலிக்கிறீர்கள்.

இன்னொரு பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுடைய அப்பாவும் அம்மாவும் ஜார்கண்டிலிருந்து தேயிலை வேலைக்கு வந்தவர்கள். வீட்டில் அந்த ஊர்ப் பக்கத்து சாத்ரி மொழி பேசுகிறார்கள். நம் தோட்டங்களில் இப்போது கொழுந்து பறிக்கிறவர்களில் இப்படி வந்த குடும்பங்கள் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும். அவர்கள் வரவில்லையென்றால் பல டிவிஷன்களில் ஆளே கிடையாது. இந்தப் பெண் ஆறாம் வகுப்பில் இங்கே சேர்ந்தாள். கணக்கிலும் அறிவியலிலும் வகுப்பில் முன்வரிசை. தமிழ் பேசினால் நம் பிள்ளையா வெளியூர்ப் பிள்ளையா என்று பிரிக்க முடியாது. தமிழ்ப் பாடத்தில் மட்டும் ஃபெயில். செய்யுளை மனப்பாடமாகச் சொல்வாள், எழுதும்போது ல, ள, ழ மூன்றும் இடம் மாறிவிடும், கட்டுரை பாதிப் பக்கத்தோடு நின்றுவிடும். தமிழ் கட்டாயம் என்று 2006-இல் வந்த சட்டம் நியாயமானது என்றுதான் நான் நினைக்கிறேன். இங்கே வாழ்கிற பிள்ளைக்குத் தமிழ் எழுதத் தெரிய வேண்டும். அப்படியென்றால் அவளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியது பள்ளியின் வேலை. மூன்று நான்கு வருடத்தில் புது எழுத்து, புது மொழி, எல்லாப் பாடமும் அந்த மொழியிலேயே என்று ஒரு பிள்ளை இவ்வளவு தூரம் வந்திருக்கிறாளே, இதை எப்படித் தோல்வி என்று மட்டும் எழுதி மூட முடிகிறது? "தேறாது" என்று அவளுடைய அம்மாவிடம் சொன்னீர்கள். அந்த அம்மாதான் படிக்கத் தெரியாமல் கையெழுத்துப் போட்டவர்.

மூன்றாவது பையன் கதை நீளமில்லை. டிசம்பர் மழையில் அவன் அம்மாவைக் கோவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், துணைக்கு இவன் போய் இருந்தான். அரையாண்டுத் தேர்வு எழுதவில்லை, அதன் பிறகு பாடத்தைப் பிடிக்க முடியவில்லை. வகுப்பாசிரியருக்கு இது தெரியும்.

இந்தப் பள்ளி எப்போதும் இப்படி இருந்ததில்லை. நாங்கள் படித்த காலத்தில் எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட் பேப்பரில் வரும். தேறியவர்களின் நம்பர் மட்டும்தான் இருக்கும். குன்னூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு பேப்பரைச் சுற்றி இருபது தலை குனிந்திருக்கும். நம்பர் இல்லாதவன் மெதுவாகக் கூட்டத்திலிருந்து நழுவிப் போவான். அப்போதிருந்த தலைமை ஆசிரியர் மறுநாள் காலையில் நம்பர் வராத பிள்ளைகளின் வீட்டுக்குக் குடையோடு நடந்து போவார். லைன் வீட்டு வாசலில் நின்று, "திங்கட்கிழமை வா, அக்டோபர் பரீட்சைக்குப் படிக்கணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார். ஃபெயில் ஆன பிள்ளைகள் பள்ளி ரெஜிஸ்டரில் இருக்க மாட்டார்கள், இருந்தாலும் பத்தாம் வகுப்பின் கடைசி பெஞ்ச் அவர்களுக்கு என்று ஒதுக்கி வைத்திருந்தார். அவர்களோடு ஒரே அறையில் உட்கார்ந்து நாங்கள் படித்தோம். ஃபெயில் ஆனவர்கள் நம்மைப் போன்ற ஆட்கள்தான் என்று எங்களுக்கு அங்கேதான் தெரிந்தது.

அப்படிப் படித்தவர்கள் எல்லோரும் தேறிவிடவில்லை. என் வகுப்புத் தோழர் ஒருவர் கணக்கில் திரும்பத் திரும்பத் தோற்றார், கடைசிவரை எஸ்.எஸ்.எல்.சி. முடிக்கவில்லை. இன்றைக்குத் தேயிலைத் தொழிற்சாலைகளில் ரோலர் பழுதானால் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். அவர் பெரிய ஆளாகிவிட்டார் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. சுமாரான வருமானம்தான், கடனும் இருக்கிறது. ஆனால் பள்ளிக்கூட வாசலுக்குத் தலையைக் குனியாமல் வருவார். தன் மகளை இதே பள்ளியில்தான் சேர்த்தார். முடிந்தவரை தன்னோடு இருந்தார்கள், தன்னை யாரும் தூக்கி எறியவில்லை என்பது அவருக்குத் தெரியும். நீங்கள் இந்த ஆண்டு அனுப்பிய பிள்ளைகள் நாளைக்குத் தங்கள் பிள்ளைகளை உங்களிடம் கொண்டுவந்து சேர்ப்பார்களா?

பிப்ரவரியில் நடந்த ஆண்டு விழாவில் நானும் இருந்தேன். சிறப்பு விருந்தினர் தோல்வியைப் பற்றி நன்றாகவே பேசினார். நம்முடைய மலை ரயிலை உதாரணமாகச் சொன்னார். இந்தப் பாதைக்கு முதல் யோசனை வந்தது 1854-இல், வேலை தொடங்கியது 1891-இல், தொடங்கிய கம்பெனி 1894-இல் திவாலானது, வேறு கம்பெனி வந்து 1899-இல்தான் குன்னூர் வரை ரயில் ஓடியது, ஊட்டிக்குப் போக 1908 ஆகிவிட்டது, இன்று அது யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். பிள்ளைகள் கைதட்டினார்கள். நீங்களும் மேடையில் கைதட்டினீர்கள். அந்தப் பிள்ளைகளில் சிலரைத்தான் இரண்டு மாதத்துக்குள் வெளியே அனுப்பினீர்கள்.

அவர் சொன்னதில் ஒரு தவறும் இல்லை. இருந்தாலும் கேட்டுக்கொண்டிருக்கும்போதே எனக்கு உறுத்தியது. ஜெயித்தவர்கள் பிறகு திரும்பிப் பார்த்துச் சொல்லும் தோல்விகளை மட்டும்தான் நாம் கொண்டாடுகிறோம். இப்போதெல்லாம் எல்லா மேடையிலும் இது உண்டு. தொழிலதிபர் தன் முதல் கடை மூடியதைச் சொல்கிறார், அதிகாரி தான் பரீட்சையில் தோற்றதைச் சொல்கிறார். தோல்வியைப் பற்றிப் பேச இருந்த வெட்கம் கொஞ்சம் போயிருக்கிறது, அது நல்லதுதான். ஆனால் இன்றைக்கு, இந்த நிமிஷம் தோற்று நிற்கிற பிள்ளையைப் பார்த்து யாரும் கைதட்டுவதில்லை. அவன் நாளைக்கு ஜெயிப்பானா என்று யாருக்கும் தெரியாது. ஜெயிக்காமலே போகலாம். அப்போதும் அவனுக்கு வகுப்பில் ஓர் இடம் வேண்டும். பிற்காலத்தில் ஜெயித்துக் காட்டினால்தான் இன்றைய தோல்விக்கு மரியாதை என்றால், அதுவும் இன்னொரு பரீட்சைதான்.

தோற்றபோது என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துகொள்ள நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஊட்டி உருளைக்கிழங்கைத் தாக்கும் நூற்புழுவை நம் மாவட்டத்தில் 1961-இல் கண்டுபிடித்தார்கள். நன்றாக விளைந்த காட்டில் செடி குட்டையாக நின்று மஞ்சளாகி, தோண்டினால் கோலிக்குண்டு அளவில் கிழங்கு வந்தது. விவசாயிக்கு உழைக்கத் தெரியவில்லை என்று யாரும் அவரைக் காட்டை விட்டுத் துரத்தவில்லை. முத்தோரை ஆராய்ச்சி நிலையத்தில் மண்ணை எடுத்துப் பார்த்தார்கள், வேரைப் பார்த்தார்கள், பயிரை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள். ரகம் ரகமாக ஒட்டுக் கட்டி, தாங்காததை ஒதுக்கி, ஏன் தாங்கவில்லை என்று எழுதி வைத்தார்கள். அந்தப் புழுவைத் தாங்கும் குப்ரி சொர்ணா ரகம் வெளிவந்தது 1985-இல். புழு இன்றும் மண்ணில் இருக்கிறது, நம் மாவட்டத்து விதைக்கிழங்கை வெளியே அனுப்பத் தடையும் இருக்கிறது. பிரச்சினை முழுசாகத் தீரவில்லை, ஆனாலும் பயிர் செய்கிறோம். விளைச்சல் ஏன் விழுந்தது என்று இருபது வருஷத்துக்கும் மேலாகப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்ததால்தான் இது முடிந்தது. ஒரு பிள்ளையின் கணக்குத் தாளுக்கு அரை மணி நேரம் கேட்கிறேன்.

உங்கள் முடிவு அந்தச் சில பிள்ளைகளோடு நிற்பதாக நினைக்க வேண்டாம். தங்கியவர்களையும் அது மாற்றிவிட்டது. பத்தாம் வகுப்புக்குப் போகும் ஒரு பெண் என்னிடம் படிக்கிறாள். நன்றாகப் படிக்கிறவள். பள்ளியில் டீச்சரிடம் ஏன் சந்தேகம் கேட்பதில்லை என்றேன். "கேட்டா இவளுக்குத் தெரியலைன்னு தெரிஞ்சுடும் மிஸ். அப்புறம் என் பேரும் லிஸ்ட்ல வந்துடும்" என்றாள். தெரியவில்லை என்று சொல்ல ஒரு பிள்ளை பயப்படுகிற வகுப்பறையில் என்ன பாடம் நடக்கும்? பார்த்து எழுதுவார்கள், மனப்பாடம் செய்து ஒப்பிப்பார்கள், புரிந்த மாதிரி தலையாட்டுவார்கள். டீச்சருக்கும் எல்லாம் நன்றாகப் போவதாகத் தோன்றும். உங்கள் ஆசிரியர்களும் பிள்ளைகளிடம் இருந்து உண்மையைக் கேட்கும் வழியை இழந்துவிட்டார்கள்.

வெளியே போன பிள்ளைகளின் நிலைமை இன்னும் மோசம். கணக்கில் தோற்ற பையன் பள்ளி வேன் வரும் நேரத்தில் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறான். சாப்பாடு குறைந்துவிட்டது. அவன் அம்மா அவனைத் தனியாக விட்டுவிட்டு வேலைக்குப் போகப் பயப்படுகிறார், பாட்டியைக் கூட்டி வந்து வைத்திருக்கிறார். இது மிகையான பயம் இல்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022-ஆம் ஆண்டு நாடு முழுவதும் தற்கொலை செய்துகொண்ட மாணவர்கள் 13,000-க்கும் மேல். பரீட்சைத் தோல்வியைக் காரணமாகப் பதிவு செய்த மரணங்கள் மட்டும் 2,000-க்கும் மேல். உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. "உன்னால் முடியாது" என்று ஒரு பள்ளி முத்திரை குத்தி அனுப்பும்போது அது எவ்வளவு கனமான வார்த்தை என்று உணர வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். இதைப் படிக்கும் பெற்றோருக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். பிள்ளை பேச்சைக் குறைத்துக்கொண்டாலோ தூங்காமல் இருந்தாலோ 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம், காசு கிடையாது.

அரசும் சமூகமும் மெல்ல மாறிக்கொண்டுதான் இருக்கின்றன. மாநில ரேங்க் பட்டியல் வெளியிடுவதை 2017-இல் நிறுத்தினார்கள். ஐந்துக்கும் எட்டுக்கும் பொதுத்தேர்வு என்ற அறிவிப்பை 2020-இல் திரும்பப் பெற்றார்கள். 2025-26 முதல் பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வே இல்லை. பத்தாம் வகுப்பில் தோற்றவர்கள் சில வாரங்களிலேயே துணைத்தேர்வு எழுதி, தேறினால் அதே ஆண்டில் பிளஸ் ஒன் சேரலாம். எங்கள் காலத்தில் அக்டோபர் வரை காத்திருந்து ஒரு வருஷம் வீணாகும், இன்று அது இல்லை. தோற்றவர் எழுந்து நடக்கச் சட்டமும் திட்டமும் வழி விட்டிருக்கும்போது, அந்த வழிக்கு வருவதற்கு முன்பே பிள்ளையை நிறுத்திவிடுகிறீர்கள். தோற்கும் வாய்ப்பைக்கூடக் கொடுக்கவில்லை.

இதே மலையில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளை தோற்றால் என்ன நடக்கிறது என்பதும் நமக்குத் தெரியும். தனி டியூஷன் வைப்பார்கள், போர்டு மாற்றிச் சேர்ப்பார்கள், ஒரு வருஷம் போனாலும் பரவாயில்லை என்பார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, எல்லாப் பிள்ளைக்கும் கிடைக்க வேண்டிய பொறுமைதான் அது. எங்கள் லைனில் அந்தப் பொறுமையை விலைக்கு வாங்க யாரிடமும் காசு இல்லை. பள்ளி மட்டும்தான் அதைக் கொடுக்க முடியும்.

உங்கள் கஷ்டமும் எனக்குப் புரிகிறது. தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் மீட்டிங்கில் எழுப்பி நிறுத்தி விளக்கம் கேட்கிறார்கள். அட்மிஷன் குறைந்தால் ஆசிரியர் பணியிடம் போகும். பெற்றோரும் பிளக்ஸைப் பார்த்துத்தான் பள்ளியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இந்தப் பாரம் முழுவதும் உங்கள் மேல் விழுவது நியாயமில்லை. அதை அப்படியே பதினான்கு வயசுப் பிள்ளையின் தோளுக்கு மாற்றுவது அதைவிட அநியாயம்.

இனி நான் கேட்பது.

இந்த ஆண்டு டி.சி. கொடுத்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரையும் ஜூனில் பள்ளி திறப்பதற்கு முன் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள். இதுவரை வேறு பள்ளியில் சேராதவர்களின் பெயர் பொதுத் தொகுப்பில்தான் இருக்கிறது, அதை எடுத்துக்கொள்ள உங்களுக்குச் சில நிமிடங்கள் போதும். பெற்றோர் மறுபடி வந்து கெஞ்ச வேண்டும் என்று காத்திருக்காமல் நீங்களே ஆள் அனுப்பிக் கூப்பிடுங்கள். அப்போதுதான் அந்தப் பிள்ளைகள் வருவார்கள். "சொந்தக் காரணங்களுக்காக" என்று எழுதி வாங்கிய கடிதங்களை அவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இனிமேல் மார்க்கைக் காரணம் காட்டி யாரையும் டி.சி. வாங்கச் சொல்வதில்லை என்று நிர்வாகக் குழுவில் தீர்மானம் போட்டு, அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

ஃபெயில் ஆன தாள்களைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். பாட ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையோடும் உட்கார்ந்து எங்கே தடுக்கியது என்று பார்த்து எழுதித் தரட்டும். ஜூன், ஜூலை இரண்டு மாதமும் பள்ளி முடிந்த பின் ஒரு மணி நேரம், நான்காம் வகுப்பிலிருந்து விட்டுப்போன கணக்கையும் வாசிப்பையும் எடுக்க ஏற்பாடு செய்யுங்கள். வெளிமாநிலத்திலிருந்து வந்த பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதப் பழக்கத் தனி வகுப்பு வேண்டும். ஆசிரியர்கள் மட்டும் இதைச் சுமக்க முடியாது என்றால், இல்லம் தேடிக் கல்வியில் இருந்த நாங்கள் சிலர் சனிக்கிழமைகளில் வரத் தயார். சம்பளம் வேண்டாம், ஓர் அறையும் கரும்பலகையும் போதும். பெற்றோர் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் மார்க்கை வாசிக்கும் வழக்கத்தை நிறுத்திவிட்டு, தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

பிளக்ஸ் கட்டுவதை விட முடியாது என்றால், ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் பத்தாம் வகுப்பு எழுதினார்கள், துணைத்தேர்வில் எத்தனை பேர் தேறினார்கள் என்பதையும் அதில் போடுங்கள்.

பெற்றோர் ஆசிரியர் கழகத்தினரே, மே மாதத்துக்குள் பொதுக்குழுவைக் கூட்டி இந்த எண்ணிக்கையை நிர்வாகத்திடம் கேளுங்கள். அந்தக் கூட்டத்தைத் தோட்ட வேலைக்குப் போகிறவர்களும் வரும்படி ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் அவர்களுக்கும் இந்த மடலின் நகலை அனுப்புகிறேன். தேர்ச்சி விழுக்காட்டைக் கேட்கும் ஒவ்வொரு கூட்டத்திலும், முந்தைய ஆண்டின் ஒன்பதாம் வகுப்பு எண்ணிக்கையையும் பக்கத்தில் வைத்துக் கேட்க வேண்டும் என்பது அவரிடம் என் வேண்டுகோள்.

உங்கள் பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறேன். அந்த மூன்று வீட்டுக்கும் தனித்தனியாக ஒரு பிரதி அனுப்புங்கள். ஒரு வீட்டுக்கு மட்டும் இந்தியிலும் எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பள்ளியின் பழைய மாணவி,
எஸ்டேட் மாலை வகுப்பு ஆசிரியை,
குன்னூர் வட்டம், நீலகிரி